குன்னூர் பழைய பங்களாவில் இரண்டு பேர், மூன்று நாள்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர்ப் பக்கம் "ஊட்டி போறோம்" என்று யாராவது சொன்னால் ஒரு வேன், பதினாலு பேர், தூக்குச் சட்டியில் புளியோதரை, பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், சாக்லேட் கடை, மறுநாள் ராத்திரியே இறக்கம். பிள்ளைகளுக்கு அது போதும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்றால் ஏற்பாடு வேறு. அதற்கு நான் கைகாட்டுவது குன்னூர் அல்லது கோத்தகிரி. அங்கே வெள்ளைக்காரர் காலத்தில் கட்டி, இன்றும் ஒரு குடும்பமோ பழைய பொறுப்பாளரோ பார்த்துக்கொள்ளும் பங்களாக்கள் இருக்கின்றன. நாலைந்து அறைதான் இருக்கும். அறையும் காலைச் சாப்பாடும் ஒரே வாடகையில் வந்துவிடும்.

இந்த மாதிரிப் பயணத்தில் பார்க்க வேண்டிய இடமே அந்த வீடுதான். மற்றதெல்லாம் உபரி. கீழே சொல்வது முழுக்க இந்தக் கணக்கில்தான்.

ஊட்டி வேண்டாமா? வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில். வெயிலிலேயே வளர்ந்த நமக்குக் குன்னூர்க் குளிரே தாராளம், கூட்டமும் குறைவு.

முதலில் மாதம்

டெல்டாவில் விவசாயம் இருக்கிற குடும்பத்துக்கு மாசி, பங்குனிதான் சரியான நேரம். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வயலில் உளுந்து பயறு தெளித்தாகிவிட்டால் கொஞ்ச நாள் மூச்சு விடலாம். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பதால் மலையில் கூட்டம் இருக்காது. வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பறிக்கும் குளிர்காலத் தேயிலைக்குத்தான் நீலகிரியில் மதிப்பு அதிகம். அந்த வாசனையையும் சேர்த்து அனுபவிக்கலாம்.

மே மாதம் பக்கமே போகாதீர்கள். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, மலைப்பாதை முழுக்க வண்டி. அறை வாடகையும் ஏறிவிடும், வீட்டுக்காரர்களுக்கு உங்களோடு பேச நேரமும் இருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு கவலை. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தைத்தான் அதிகம் நனைக்கும். மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மண் சரிந்து மலைரயில் நிற்பது அந்த மாதங்களில் சாதாரணம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆடியில் எப்படியும் பிரிந்திருக்கிறீர்கள், ஆவணியில் கிளம்புங்கள். பனிமூட்டம் இருக்கும், ஆனால் உங்களுக்கு அது குறையாகத் தெரியாது.

வீட்டைப் பிடிப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். போட்டோவைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு முறை போன் போட்டுப் பேசுங்கள். எடுப்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: "அறை பழைய வீட்டுக்குள்ளேயா, பின்னால கட்டின புதுக் கட்டடத்துலயா?" நூற்றாண்டுப் பங்களா என்று முகப்பைப் படம் போட்டுவிட்டு, கொல்லைப்புறத்தில் டைல்ஸ் ஒட்டிய புது அறையில் தங்க வைக்கும் இடங்கள் உண்டு. பழைய வீட்டுக்குள் அறை என்றால் மரத்தளமா, எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேளுங்கள். கிழக்குப் பார்த்த அறைக்குக் காலை வெயில் வரும். மலையில் அந்த வெயிலுக்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வடக்குப் பார்த்த மூலை அறை பகல் முழுக்க ஜில்லென்று ஈர வாடை அடிக்கும்.

அடுத்தது வெந்நீர். சில பழைய வீடுகளில் இன்னும் விறகு பாய்லர்தான், காலையில் குறிப்பிட்ட நேரம்தான் சூடாக வரும். கீசர் என்றால் கரண்ட் போனால் என்ன வழி என்று கேளுங்கள். குளியலறை அறையோடு சேர்ந்ததா என்பதையும் விடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வையை விட்டு எழுந்து நடைபாதை தாண்டிப் போவது ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வேடிக்கையாக இருக்காது. மூட்டுவலி இருந்தால் படிகளைப் பற்றியும் கேளுங்கள். இந்த வீடுகள் சரிவில் கட்டியவை. ரோட்டிலிருந்து வாசலுக்கே முப்பது நாற்பது படி இருக்கலாம்.

சாப்பாடு விஷயத்தில் நம்மவர்கள் கூச்சப்படக்கூடாது. காலையில் பெரும்பாலும் ரொட்டி, முட்டை, பழம், கேட்டால் இட்லி தோசை. ராத்திரிச் சாப்பாடு தனிக் காசு, மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சைவம் என்றால் முதல் போனிலேயே சொல்லுங்கள். ரசம் சாதமும் தயிரும் கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கமே இல்லை. மூன்று நாள் ராத்திரியும் சூப்பும் ரொட்டியும் என்றால் டெல்டா வயிறு இரண்டாம் நாளே கோபித்துக்கொள்ளும். ஒரு சங்கதி தெரிந்துகொள்ளுங்கள்: குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேக நேரம் கூடுதலாகப் பிடிக்கும். சாதம் விறைப்பாக வந்தால் சமையல்காரரைக் குறை சொல்லாதீர்கள், "கொஞ்சம் குழைய வேணும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கணப்பு உள்ள அறையா என்றும் கேளுங்கள். பல இடங்களில் விறகுக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள், அது நியாயம்தான். புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் இழுத்தால் அந்த அறையில் நெருப்பு வேண்டாம். இதில் விளையாட்டே கூடாது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கி உயிர் போன சம்பவங்கள் மலை ஊர்களில் நடந்திருக்கின்றன. கணப்பு எரியும்போது ஒரு ஜன்னல் விரலளவாவது திறந்திருக்கட்டும். தூங்குமுன் நெருப்பை அணைத்துவிடுங்கள். கரிச்சட்டி கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள்.

அட்வான்ஸ் கட்டும்போது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் ஒரு வரி போதும். நம் பக்கம் திடீரென்று துக்கம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எது வேண்டுமானாலும் வரும்.

முடிந்தால் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். வாடகையும் குறையும், வீடும் கிட்டத்தட்ட உங்கள் கையில்.

போகும் வழி

டெல்டாக்காரர்களுக்கு ரயில் தானாகவே அமைந்திருக்கிறது. மன்னார்குடியிலிருந்து கோவை போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் நீடாமங்கலம், தஞ்சாவூர், திருச்சி வழியாக ராத்திரி முழுக்க ஓடி விடியற்காலையில் கோவையில் இறக்கிவிடும். அங்கிருந்து மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரம்தான். பஸ் அடிக்கடி உண்டு, சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸிலும் ஏறிக்கொள்ளலாம். காலை ஏழு மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலைரயிலைப் பிடிக்க இது சரியாக வரும். அரக்கப் பரக்க ஓடப் பிடிக்காதவர்கள் மயிலாடுதுறையில் மதியத்துக்குமேல் கிளம்பும் கோவை ஜனசதாப்தியில் போய், ராத்திரி கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிட்டுக் காலையில் ஏறலாம். கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்களுக்கும் அது வசதி. செவ்வாய்க்கிழமை அந்த வண்டி கிடையாது.

மலைரயில் டிக்கெட்டை அறுபது நாள் முன்பு முன்பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். அதைப் போட்ட பிறகு பங்களாவைப் பேசுவதுதான் புத்திசாலித்தனம். அறைக்கு வேறு தேதி கிடைக்கும், இந்த ரயிலில் இடம் கிடைப்பது அபூர்வம். குன்னூர் வரை எடுத்தால் போதும்.

அந்த மூன்றரை மணி நேரம் பயணத்தின் பாதிச் சுகம். 1899ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908ல் ஊட்டி வரை நீண்ட பாதை. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம், அவ்வளவு செங்குத்து. எஞ்சின் பின்னால் நின்று தள்ளுவதால் முன்பெட்டியில் இருப்பவர்களுக்கு எதிரே மறைப்பே இருக்காது. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி டீ குடியுங்கள். வடையைக் கையில் வெளியே தெரிய வைத்திருக்காதீர்கள், குரங்கு உங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிடும்.

காரில் போகிறவர்கள் திருச்சி, கரூர் வழியாக அவினாசி வந்து, அன்னூரில் திரும்பி மேட்டுப்பாளையம் போனால் கோவை நெரிசலைத் தவிர்க்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. கிளம்பும் முன் ஆன்லைனில் நடப்பு விதியைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். அரசு பஸ்ஸில், ரயிலில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் ஊர் சமதளத்திலேயே ஓட்டிப் பழகியவர்கள் மலையேற்றத்தை உள்ளூர் டிரைவரிடம் விடுவது மேல். நீங்களே ஓட்டினால் இறங்கும்போது இரண்டாம் கியர், ஏறி வரும் வண்டிக்கு முதல் வழி.

கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும் என்பவர்கள் காலையில் பொங்கல், பூரி பக்கம் போகக்கூடாது. இரண்டு இட்லி போதும். உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதை மிஞ்சிய மருந்து எனக்குத் தெரியாது. வாந்தி மாத்திரை என்றால் ஏறுவதற்கு அரை மணி முன்பு, டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டுக்கொண்டு.

பெட்டியில் என்ன

ஒரே தடியான ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று, மேலே ஒரு ஸ்வெட்டர். பகலில் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். சாக்ஸ் கூட இரண்டு ஜோடி. மரத்தளத்தில் வெறுங்காலோடு நடந்தால் குளிர் முழங்கால் வரை ஏறும். மங்கி குல்லா போட்டால் போட்டோ கெட்டுவிடும் என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள், ராத்திரி அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். டார்ச் ஒன்று, வழக்கமான மாத்திரைகள், இரண்டு பேருக்கும் ஆதார் நகல்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம். நீலகிரியில் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் வழியில் இருக்கும் குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

அப்புறம், காபி. மலையில் டீ ராஜா, காபி அனாதை. கும்பகோணத்துக் காபியில் கண் விழித்துப் பழகியவர்கள் சின்ன பித்தளை ஃபில்டரும் கால் கிலோ பொடியும் எடுத்துப் போங்கள். ராத்திரியே சமையலறையில் வெந்நீர் வாங்கி டிகாக்ஷன் இறக்கி வைத்தால், காலை ஐந்தரைக்குப் பால் மட்டும் கேட்டால் போதும். காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் வராது, அதுவரை யார் தாங்குவது.

வீட்டுக்குள்

முதல் நாள் எங்கேயும் போகாதீர்கள். மலைரயில் பத்தரை வாக்கில் குன்னூர் சேரும். அறை மதியம்தான் தருவார்கள் என்றாலும், முன்பே சொல்லி வைத்தால் பெட்டியை வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார விடுவார்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் வீட்டுப் பொறுப்பாளரிடம், "வீட்டை ஒரு சுற்றுக் காட்டறீங்களாண்ணே?" என்று கேளுங்கள். வயதானவர் என்றால் ஐயா. இந்த ஒரு கேள்விக்குப் பல கதவுகள் திறக்கும்.

கூரையின் ஓரத்தில் பூவேலை வெட்டிய மரப்பலகை தொங்குகிறதா பாருங்கள், அந்தக் கால நீலகிரி வீடுகளின் அடையாளம் அது. பழைய ஜன்னல் கண்ணாடியில் முகத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வெளியே இருக்கும் மரம் லேசாக நெளியும். கையால் செய்த கண்ணாடிக்கு அந்த நெளிவு உண்டு, உடைந்து மாற்றிய கண்ணாடியில் இருக்காது. எந்தச் சட்டத்தில் பழையது, எந்தச் சட்டத்தில் புதியது என்று இரண்டு பேரும் தேடினால் அரை மணி போய்விடும். தகரக் கூரையாக இருந்து மழையும் பெய்தால் டிவி தேவைப்படாது, பேச்சும் கேட்காது.

நம் வீடுகளோடு ஒப்பிட்டால் இந்த வீடுகளின் தர்க்கம் புரியும். தஞ்சாவூர் முற்றத்து வீடு வெப்பத்தை வெளியே அனுப்பவும் மழையை உள்ளே வாங்கவும் கட்டியது. இது வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைக்கக் கட்டியது. அதனால்தான் அறைக்கு அறை கதவு, கணப்பு, கண்ணாடி அடைத்த வராந்தா. கதவை நம் ஊர்ப் பழக்கத்தில் 'ஆ'வெனத் திறந்து போட்டால் வீடு முழுக்க விறைத்துவிடும்.

வேலை பார்ப்பவர்களிடம் பேசுங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் நீலகிரியில் நிறையப் பேர் குடியேறினார்கள். அவர்களில் சில குடும்பங்களின் வேர் நம் திருச்சி, தஞ்சைப் பக்கம்தான். "உங்க தாத்தா எந்த ஊரு?" என்று கேட்டால் பட்டுக்கோட்டையோ புதுக்கோட்டையோ வரலாம். கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுப்பது வழக்கம். சமையல், துப்புரவு, தோட்டம் எல்லாருக்கும் பிரித்துக் கொடுங்கள், வாசலில் நிற்பவருக்கு மட்டுமல்ல.

வெளியே போனால்

ஒரு நாளைக்கு ஓர் இடம், அதற்கு மேல் கூடாது. குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874லிருந்து இருக்கிறது, காலையில் திறந்ததும் போனால் மரங்கள் மட்டும்தான் கூட்டம். டால்பின் நோஸ், லாம்ஸ் ராக் என்ற இரண்டு காட்சிமுனைகளும் ஒரே சாலை. மேகம் ஏறுமுன் போனால்தான் ஏதாவது தெரியும்.

ஆனால் ஒன்றே ஒன்று என்றால் கோத்தகிரி வழியாகக் கோடநாடு காட்சிமுனை. வழியில் கன்னேரிமுக்கில் இறங்குங்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் மலையேறி வந்து கட்டிய பங்களா அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கெல்லாம் மூத்தது அது. கோடநாட்டில் நின்று கீழே பார்த்தால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம். மாயாறு பவானியில் சேர்கிறது, பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது, அதுவும் மேட்டூர் அணைக்குக் கீழே. மேட்டூரில் தண்ணீர் இல்லாத சில வருஷங்களில் இந்தப் பக்கத்து வெள்ளம் முக்கொம்பு வரை வந்து நமக்குக் கை கொடுத்ததை விவசாயிகள் அறிவார்கள்.

இருட்டிய பிறகு மட்டும் நடக்கக் கிளம்பாதீர்கள். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் காட்டெருமை சர்வசாதாரணமாக நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. காட்டெருமையைப் பார்த்தால் கை தட்டுவது, லைட் அடிப்பது, செல்ஃபி எதுவும் வேண்டாம். வந்த வழியே பின்வாங்குங்கள். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்ட ஓரம் நடந்தால் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள்.

இறங்கும் நாள்

மலையில் பேர் போன மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியைக் கிளம்பும் அன்று காலை வாங்குங்கள், முந்தாநாள் வாங்கினால் நமுத்துவிடும். தேயிலை வாங்கும்போது நம் வீட்டுப் பால் டீக்கு டஸ்ட் போதும். விலை கூடிய முழு இலையைப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் காசுதான் நஷ்டம்.

மதியத்துக்குள் மலையிறங்கிவிடுங்கள். சாயங்காலம் மூட்டம் கவிந்தால் பஸ் ஊர்ந்துதான் வரும். திரும்பும் மன்னார்குடி வண்டி கோவையில் நள்ளிரவு பன்னிரண்டு மணி தாண்டித்தான் கிளம்பும். அதனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள் என்றால் டிக்கெட் புதன்கிழமைத் தேதியில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைத் தேதியில் எடுத்திருந்தால் அந்த வண்டி அதற்கு முந்தின ராத்திரியே போயிருக்கும். டிக்கெட் போட்டதும் தேதியை இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.